லோன் போட்டு லா படிக்கலாமான்னு கேக்கற பிள்ளைங்களுக்கு என்ன சொல்ல? சீனியர்களுக்கும் பார் கவுன்சிலுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சீனியர் வக்கீல்களுக்கும், வக்கீலுங்கள பதிவு பண்ற தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலோட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி போன வாரம் போன் பண்ணா. பிளஸ் டூ முடிச்சு கிளாட்ங்கற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி, ஒரு தேசிய சட்டப் பல்கலைல சீட் கெடச்சிருக்கு. "அக்கா, லோன் போட்டு சேரட்டுமா? நீங்க சொன்னா அப்பா கேப்பாரு"ன்னா. நான் கவுன் போட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா "தைரியமா சேரு"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. யோசிச்சு சொல்றேன்னு வச்சுட்டேன். யோசிச்சுப் பாத்தா அந்தப் பதில் பாதிக்கு மேல உங்க கையிலதான் இருக்கு, அதான் இத உங்களுக்கு எழுதறேன்.

கவர்ன்மென்ட் லா காலேஜ்ல இடம் கெடச்சா யோசிக்கவே வேண்டாம், பீஸ் கம்மி, கடன் வாங்கற அவசியமே பெரும்பாலும் வராது. பிரச்சனை மத்த இடத்துலதான். தேசிய சட்டப் பல்கலைன்னா பல எடத்துல ஹாஸ்டலோட அஞ்சு வருஷத்துக்கு 10 லட்சம் தாண்டிடுது. வருஷம் 2 லட்சம்னு வாங்கினா, படிக்கற காலத்துலயே வட்டி ஏறிட்டு இருக்கும், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம்தான் டைம், அதுக்கப்புறம் இஎம்ஐ ஆரம்பிச்சுடும். 10% வட்டின்னு வச்சு நான் போட்டுப் பாத்தேன். கட்ட ஆரம்பிக்கும்போது 10 லட்சம் 14 லட்சமா நிக்குது, பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் சுமார் 18,500 ரூபா. கேம்பஸ்ல பெரிய லா ஃபர்ம் எடுத்துக்கிட்டா கட்டிடலாம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா கோர்ட்ல நின்னு வாதாடணும்னு நெனச்சு வர பிள்ளை அந்த 18,500 ரூபாய எங்கேர்ந்து கொண்டு வரும்? அதே அளவு பீஸ் வாங்கிட்டு அந்த வேலைவாய்ப்பும் இல்லாத தனியார் காலேஜுக்கு லோன் போட்டு போகாதீங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடயாது.

என் கதை சின்னதுதான். அப்பா டெய்லர், எங்க வீட்டுல வக்கீலுக்குப் படிச்ச முதல் ஆள் நான், லோன் 4 லட்சம். பார் கவுன்சில்ல வக்கீலா என்ரோல் பண்ணி (பதிவு செஞ்சு) ஒரு சிவில் சீனியர்கிட்ட ஜூனியரா சேந்தேன். நல்ல மனுஷன், பிளெயின்ட் (வழக்கு மனு) எப்படி எழுதணும், சாட்சிய எங்க நிறுத்தணும், ஜட்ஜ் முகத்தப் பாத்து எப்ப உக்காரணும், எல்லாம் அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான், அதுக்கு இன்னிக்கும் நன்றியோட இருக்கேன். ஆனா காலைல காஸ் லிஸ்ட், அதாவது அன்னிக்கு வர வழக்குங்களோட பட்டியல் பாக்கறதுலேர்ந்து வாய்தா வாங்கறது, காப்பி அப்ளிகேஷன் போடறது, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சேம்பர்ல டிராஃப்ட் அடிக்கறதுன்னு முழுசா ஒரு வருஷம் ஓடினதுக்கு என் கைக்கு வந்தது தீபாவளிக்கு ஒரு கவர்ல 2,000 ரூபா. லோன்ல அப்பாவும் கோ-பாரோயர். நான் கட்டலன்னதும் பேங்க்லேர்ந்து அவர் கடைக்கு போன், கஸ்டமர் உக்காந்திருக்கும்போதே அவரு தையல் மிஷின நிறுத்திட்டு "கட்டிடறோம் சார்"னு சொல்லிட்டு இருந்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவரு ஒரு வார்த்தை சொல்லல. அக்கா செயின அடகு வச்சு மூணு தவணை கட்டினாங்க. நான் தாக்குப் பிடிச்சது அக்காவால.

என்கூட சேந்த இன்னொரு பொண்ணுக்கு அப்படி ஒரு அக்கா இல்ல. ஆர்டர் 7 ரூல் 11ல, அதாவது எதிராளி வழக்க ஆரம்பத்துலயே தள்ளச் சொல்லி, அவ போடற பெட்டிஷன சீனியர் திருத்தவே மாட்டாரு, அவ்வளவு சுத்தமா இருக்கும். ரெண்டாவது வருஷம் விட்டுட்டு ஒரு கம்பெனில டேட்டா என்ட்ரிக்குப் போயிட்டா. அவ படிச்ச அஞ்சு வருஷமும் வாங்கின கடனும் வீணாப் போச்சுன்னு ஊர்ல பேசினாங்க, அந்தப் படிப்புல ஒரு குறையும் இல்லன்னு எனக்குத் தெரியும்.

இதுல ரொம்ப வலிக்கற விஷயம் ரூல்ஸ். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 49 படி பிராக்டீஸ்ல இருக்கற வக்கீல் முழுநேர சம்பள வேலை பாக்கக் கூடாது, விதி 47 படி சொந்தமா பிசினஸ் நடத்தக் கூடாது. லா காலேஜ்ல பாடம் எடுக்கலாம், அதுவும் ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்குள்ள. அந்த விதிங்களோட காரணம் புரியுது, தொழிலோட மரியாதைக்காக வச்சது, எடுத்துடுங்கன்னு நான் கேக்கல. ஆனா வேற வழில சம்பாதிக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் கதவ சாத்திட்டு, இந்தப் பக்கம் சீனியர் ஒண்ணும் குடுக்கலன்னா அத கேக்க ஒரு விதியும் இல்லன்னா, கடன் இருக்கற பிள்ளை எப்படிங்க நிக்கும்?

இப்ப இன்னொண்ணும் சேந்துருச்சு. 2025 மே 20ல சுப்ரீம் கோர்ட் சிவில் ஜட்ஜ் எக்ஸாம் எழுத மூணு வருஷ பிராக்டீஸ் கட்டாயம்னு சொல்லிடுச்சு. அனுபவம் வேணும்ங்கறது சரிதான், எனக்கும் அதுல உடன்பாடு. ஆனா முன்ன நேரா படிச்சு எழுதி முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் சிவில் ஜட்ஜ், ஆக முடிஞ்ச ஏழை வீட்டுப் பிள்ளையும் இனிமே அந்த மூணு வருஷத்த தாண்டியாகணும், அந்த மூணு வருஷம் சம்பளம் இல்லாத மூணு வருஷமா இருந்தா யாரு தாண்டுவா? ஹைகோர்ட் ஜட்ஜுக்கு வக்கீலுங்கள்லேர்ந்து எடுக்கணும்னா பத்து வருஷம் பிராக்டீஸ் வேணும். முதல் மூணு வருஷத்துலயே வடிகட்டிட்டா அந்தப் பத்தாவது வருஷத்துல யாரு மிச்சம் இருப்பாங்கன்னு நீங்களே நெனச்சுப் பாருங்க.

நல்லது ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல மாட்டேன். 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் என்ரோல்மென்ட் பீஸ் சட்டத்துல இருக்கற 750 ரூபாய்க்கு மேல, எஸ்.சி. எஸ்.டி. பிள்ளைங்கன்னா 125க்கு மேல வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னப்ப அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் நம்ம சென்னை ஹைகோர்ட், ஜூனியருக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு சர்க்குலர் அனுப்பச் சொல்லுச்சு. அக்டோபர்ல பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவும் நகரத்துல 20,000, கிராமப்புறத்துல 15,000ன்னு சர்க்குலர் விட்டாங்க. ஆனா அது பரிந்துரைதான். நான் போற கோர்ட்ல ஜூனியருங்ககிட்ட விசாரிச்சேன், பாதி பேருக்கு அப்படி ஒரு சர்க்குலர் இருக்கறதே தெரியல, தெரிஞ்ச ஒரு பையன் "சீனியர்கிட்ட போய் இத எப்படிக்கா கேக்கறது, அப்புறம் கேஸ் கட்டையே தொட விட மாட்டாரு"ன்னான்.

அவன் பயம் நியாயம்தான். ஜூனியரே கேக்கணும்னு விட்டா இது நடக்காது, மேலேர்ந்து வரணும். அட்வகேட்ஸ் ஆக்ட் 49வது பிரிவுல விதி போடற அதிகாரம் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாகிட்ட இருக்கு, பரிந்துரைய விதியா மாத்தச் சொல்லி நீங்க இங்கேர்ந்து தீர்மானம் போட்டு அனுப்புங்க. சீனியர் டெசிக்னேஷன், அதாவது மூத்த வக்கீல்ங்கற அந்தஸ்து கேட்டு ஹைகோர்ட்டுக்கு அப்ளை பண்றவங்க, எத்தன ஜூனியருக்கு எவ்வளவு குடுத்தோம்னு கணக்கு காட்டணும்னு நீங்க கேட்டா ஹைகோர்ட் காது குடுக்கும்னுதான் நம்பறேன்.

தாலுகா கோர்ட் சீனியர்ங்க இத படிச்சுட்டு கோபப்பட வேண்டாம். உங்கள்ல பலருக்கே மாசம் 15,000 நிலையா வராதுன்னு எனக்குத் தெரியும், நானும் அந்த மாதிரி மாசங்களப் பாத்தவதான். உங்க தலைல முழுசா கட்டுங்கன்னு சொல்லல. நாம ஒவ்வொரு வக்காலத்துலயும் வக்கீல் நல நிதிக்காக வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டறோம், 1987 சட்டத்துலேர்ந்து அந்த நிதி இருக்கு. அதே மாதிரி பெரிய தொகை வழக்குகளோட வக்காலத்துக்கு மட்டும் தனியா ஒரு ஸ்டாம்ப் வச்சு, சின்ன ஊர் ஜூனியருக்கு முதல் மூணு வருஷம் ஒரு பங்கு அதுலேர்ந்து போகட்டும், மிச்சத்த சீனியர் குடுக்கட்டும். இதுக்கு சட்டத் திருத்தம் தேவைப்பட்டா அரசாங்கத்துகிட்ட கேளுங்க, கூட வந்து நிக்க நாங்க இருக்கோம்.

என்கிட்ட இப்ப ஒரு ஜூனியர் இருக்கா. மாசம் அஞ்சாம் தேதி 15,000 அவ அக்கவுண்டுக்குப் போயிடும், எனக்கு பீஸ் வந்தாலும் வராட்டியும். ரெண்டு மாசம் கஷ்டமா இருந்துச்சு, சமாளிச்சேன்.

சொந்தக்காரப் பொண்ணு அட்மிஷனுக்குப் பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அவ அப்பாகிட்ட கணக்கு மொத்தத்தையும் எழுதிக் குடுத்துட்டேன், இஎம்ஐ வரைக்கும். கீழ "கோர்ட்டுக்குப் போனா முதல் வருஷ வருமானம்"னு ஒரு வரி எழுதி, பக்கத்துல எதுவும் போடாம விட்டிருக்கேன். அங்க என்ன எழுதறதுன்னு நீங்க சொல்லுங்க. அதுவரைக்கும் கொறஞ்சது அந்த சர்க்குலர தமிழ்ல அடிச்சு ஒவ்வொரு பார் அசோசியேஷன் நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டுங்க, என்ரோல்மென்ட் அன்னிக்கே ஒவ்வொரு பிள்ளை கையிலயும் ஒரு காப்பி குடுங்க.

இப்படிக்கு,
முதல் தலைமுறை வக்கீல் ஒருத்தி