சித்தி, டாக்டரிடம் "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள சித்தி,

தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் உங்கள் மயஸ்தீனியா நோய்க்குப் புதிதாக ஒரு ஊசியைப் பரிசோதிக்கிறார்கள், நீங்களும் சேருகிறீர்களா என்று பெங்களூர் டாக்டர் கேட்டதாகச் சித்தப்பா போனில் சொன்னார். உங்களைச் சோதனை எலியாக்கிவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. இதே நோய் உள்ள மற்ற வீடுகளிலும் இந்தப் பயம் இருக்கும். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கலாம் என்று நீங்கள் சரி சொன்னதால்தான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

ஆன்டிபாடிகள் என்பவை கிருமிகளை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதங்கள். உங்கள் உடம்பே தப்பாகத் தயாரிக்கும் சில ஆன்டிபாடிகள், நரம்பு அனுப்பும் செய்தி தசையில் போய்ச் சேரும் இடத்தைச் சிதைக்கின்றன. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை சில மணி நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும், ஆன்டிபாடியைத் தொடாது. ஸ்டீராய்டு அதைக் குறைக்கும், ஆனால் உங்களுக்குச் சர்க்கரை எப்படி ஏறியது என்று பார்த்தோமே. டாக்டர் சொல்லும் ஊசியின் வழி வேறு. ஆன்டிபாடிகளை அழியவிடாமல் காப்பாற்றி, திரும்ப ரத்தத்துக்கே அனுப்பும் எஃப்சிஆர்என் என்ற புரதத்தை அது தடுக்கிறது. கெட்டவை சீக்கிரம் அழியும். நல்லவையும் கூடவே குறையும், அதனால் காய்ச்சல், சளி என்றால் அன்றே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வகையில் முதலில் வந்த எஃப்கார்டிஜிமோட் மருந்தை 167 பேரிடம் சோதித்தார்கள். உங்களுக்கு இருக்கும் அதே வகை ஆன்டிபாடி உள்ளவர்களில், மருந்து ஏற்றிக்கொண்ட 68 சதவீதம் பேருக்குத் தெளிவான முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெறும் திரவம் ஏற்றியவர்களிலும் 30 சதவீதம் பேர் தேறினார்கள். அந்த 30 தெரியாவிட்டால் 68-க்கு மதிப்பே இல்லை. அதனால் வெறும் ஊசி உங்கள் பங்குக்கு வந்தாலும் யாரும் உங்களை ஏமாற்றியதாக ஆகாது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, தோலுக்கடியில் போடும் வடிவத்துக்கு 2023-ல்.

முன்னேற்றத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? எட்டே கேள்விகள். பேச்சு, மெல்லுவது, விழுங்குவது, மூச்சு, பல் தேய்ப்பதும் தலை வாருவதும், நாற்காலியிலிருந்து எழுவது, இரட்டைப் பார்வை, இமை தொங்குவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பதில் முழுக்க நோயாளி வாயிலிருந்து வருவதுதான்.

எனக்கு உங்களைப் பற்றிய கவலையே இதில்தான். போன தீபாவளிக்கு அல்சூர் வீட்டில் சப்பாத்தியை மெல்லும்போது இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தீர்கள். பின்னல் பாதியில் கை கீழே விழ, மீதியை ராதிகா பின்னிவிட்டாள். அதே வாரம் டாக்டர் கேட்டதற்கு "பரவாயில்லை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்றீர்கள். அவர் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருப்பீர்கள். ஆய்வில் அப்படிச் சொன்னால் மருந்தைப் பற்றிய கணக்கே தப்பாகிவிடும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்து. தாடையைப் பிடித்ததைச் சொல்லுங்கள், பின்னலைச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம். இந்தியாவில் 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கியாக வேண்டும், ஆகவே ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம் உண்டு. இப்போது போடும் மாத்திரைகள் தொடருமா, ஆய்வு முடிந்தபின் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் மருந்து கிடைக்குமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

படிவம் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சித்தப்பாவையும் உட்காரவைத்து வரி வரியாகப் படிப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்