செத்த மானுக்கு ஒரு ஐஸ் பெட்டி குடுங்க சார்

வனத்துறை ஆபீசர்களுக்கும், காட்டுல ஏதாவது செத்துக் கெடக்குன்னு போன் வந்தா கத்தியும் கையுமா கிளம்பிப் போற கால்நடை டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் லேப்ல சாம்பிள் வாங்கி பதிவு போட்டு கல்ச்சர் ஏத்துற (கிருமியை வளர்த்துப் பாக்குற) ஆளு, அவ்ளோதான். ஒருநாள் ஒரு புள்ளிமான் நுரையீரல் வந்துச்சு, முழுக்க முடிச்சு முடிச்சா கட்டி, அறுத்தா உள்ள திரிஞ்ச பால் மாதிரி இருக்கு, நடுவுல சுண்ணாம்பு நறநறன்னு கத்தில மாட்டுது. பாத்ததுமே டிபியா இருக்குமோன்னு தோணுச்சு. ஆனா மொத்தத்தையும் சதை அழுகாம இருக்கப் போடுற ஃபார்மலின்ல முக்கி அனுப்பியிருந்தாங்க. அதுல போட்டா கிருமி செத்துரும், கல்ச்சர் வராது, டிஎன்ஏவும் சிதைஞ்சு போறதால பிசிஆரையும் நம்ப முடியாது. மைக்ராஸ்கோப்ல பாத்து 'டிபி போல தெரியுது'ன்னு எழுதி அனுப்பினோம். எந்த டிபின்னு தெரியாமலே ஃபைல் மூடியாச்சு.

அந்த 'எந்த'லதான் சார் எல்லாமே இருக்கு. மாட்டு டிபின்னா உடனே மைக்கோபாக்டீரியம் போவிஸ்ங்கிற கிருமின்னு சொல்லிடறோம், நாம படிச்சது அப்படி. ஆனா வேலூர்ல நோயாளிங்ககிட்ட எடுத்த 940 சாம்பிளை அலசி 2020ல ஒரு ஆய்வு வந்துச்சே, அதுல தடுப்பூசி வகையான பிசிஜியை விட்டுட்டா போவிஸ் ஒண்ணுகூட இல்ல, அதோட சொந்தக்காரன் ஓரிஜிஸ் 7 பேர்கிட்ட இருந்துச்சு. அப்புறம் நம்ம சென்னையிலயே ஒரு வெளிமானும் ரெண்டு புள்ளிமானும் இதே ஓரிஜிஸ்ல செத்ததா 2022ல பேப்பர் வந்துச்சு. தென்னிந்தியாவுல மூணு காட்டு யானை செத்ததுல கெடச்சது இன்னொரு கூத்து, அது மனுஷனுக்கு வர்ற டிபி கிருமி. சும்மா 'டிபி பாசிட்டிவ்'னு எழுதினா மாட்டுகிட்ட இருந்து வந்துச்சா நம்மகிட்ட இருந்து போச்சான்னு எப்படி கண்டுபிடிக்கறது? சாதாரண டிபி பிசிஆர் இந்தக் கூட்டத்தையே ஒரே பேர்ல சொல்லிட்டுப் போயிரும், வகை பிரிக்கிற டெஸ்ட்டு தனியா போடணும், அதுக்கு உருப்படியான சாம்பிள் வேணும்.

உயிரோட இருக்கும்போதே டெஸ்ட் பண்ணலாமேன்னு கேப்பீங்க. மாட்டுக்கு பண்ற தோல் டெஸ்ட்டுல ஊசி போட்டு 72 மணி நேரம் கழிச்சு வீக்கத்தை அளக்கணும். மாட்டைக் கட்டி வெக்கலாம், மானை? ரெண்டு தடவை பிடிக்கணும், பிடிச்ச பயத்துலயே தசை வெந்த மாதிரி ஆகி செத்துப்போற ஜாதி அது. தென்னாப்பிரிக்காவுல ஹ்லுஹ்லுவே பார்க்ல காட்டெருமைக் கூட்டத்தையே ஹெலிகாப்டர் வெச்சு தொழுவத்துக்குள்ள ஓட்டி மூணு நாள் அடைச்சு வெச்சு டெஸ்ட் பண்ணாங்க, அந்த வசதியும் காசும் நம்மகிட்ட எங்க. ரத்தத்துல நோய் எதிர்ப்பு அணுக்கள் விடுற பொருளை அளந்து பாக்குற காமா இன்டர்ஃபெரான் டெஸ்ட்டுக்கு ரத்தம் ஆறிப் பழசாகறதுக்குள்ள லேபுக்கு வந்தாகணும், மாட்டுக்குன்னு செஞ்ச கிட் மானுக்கும் அப்படியே பொருந்தும்னு சொல்லவும் முடியாது. ஆன்டிபாடி டெஸ்ட் ஈசிதான், ஆனா நோய் முத்தினப்புறம்தான் பெரும்பாலும் காட்டும், அதனால நெகட்டிவ் வந்துச்சுன்னு நிம்மதியா தூங்க முடியாது.

ஆக நமக்கு கெடைக்கறது செத்த உடம்புதான். அமெரிக்காவுல மிச்சிகன்ல 1994ல வேட்டையில சுட்ட ஒரு மான்ல டிபி தெரிஞ்சதும், வேட்டைக்காரங்க கொண்டுவர்ற மான் தலையை வாங்கி தொண்டைக்குப் பின்னாடி இருக்குற நிணநீர் முடிச்சை அறுத்துப் பாக்க ஆரம்பிச்சாங்க, இதுவரைக்கும் 2 லட்சத்துக்கும் மேல பாத்தாச்சு. நம்மூர்ல வேட்டை கெடையாது, நல்லதுதான், அதனாலதான் சொல்றேன், நாய் கடிச்சு செத்ததோ வண்டில அடிபட்டதோ ஒவ்வொண்ணும் நமக்கு பொக்கிஷம். வயித்துல பிளாஸ்டிக் கெடச்சதும் காரணம் தெரிஞ்சு போச்சுன்னு கத்தியைக் கீழ வெச்சுடத் தோணும், புரியுது, வெயில்ல நாத்தத்துல நிக்கிறது சுலபம் இல்ல. இருந்தாலும் தொண்டைக்குப் பின்னாடி, நுரையீரல் பக்கம், குடல் பக்கம்னு மூணு இடத்து முடிச்சையும் எடுத்துடுங்க. கட்டி கண்ணுக்குத் தெரியலைன்னாலும் எடுங்க, நோய் ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது. பாதியை ஃபார்மலின்ல போடுங்க, மீதிப் பாதியை சுத்தமான டப்பாவுல ஐஸ்ல வெச்சு அன்னைக்கே அனுப்புங்க. ரேஞ்ச் ஆபீசுக்கு ஒரு ஐஸ் பெட்டி வாங்கி வெக்க எத்தனை கையெழுத்து வேணும்னு தெரியல.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, மறைக்கல. போவிஸ் கிளிசரால் போட்ட மீடியத்துல, அதாவது கிருமி வளர்க்குற தீனியில, சரியா வளராது, பைருவேட் போட்டது வேணும், அது இல்லாத லேப்ல கல்ச்சர் நெகட்டிவ்னு வந்தா அதை எப்படி நம்பறது? எட்டு வாரமாவது வெயிட் பண்ணாம ரிசல்ட் கேட்டு போன் பண்ணாதீங்க சார், ப்ளீஸ். காசநோய்க்கு வீட்லயே வெச்சு மருந்து குடுத்தா போதும்னு 1950கள்லயே உலகத்துக்குக் காட்டின ஊர் மெட்ராஸ், இங்க பொறுமைக்கா பஞ்சம்?

இன்னொண்ணு. அறுக்கும்போது காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே வாட்சர், துண்டை மூக்குல கட்டிக்கிட்டு, அவருக்கு என்95 மாஸ்க்கும் கிளவுஸும் குடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்கும் சளி டெஸ்ட்டு, எக்ஸ்ரே எடுங்க. அவர் வீட்லயும் மாடு இருக்கும், அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
சாம்பிளுக்காக காத்துக்கிட்டு இருக்குற ஒரு லேப்காரன்