கியூஆர் கோட்டில் உங்கள் முகவரியைப் போடுங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். இசைப் பயிற்சி நூல், சமையல் புத்தகம், சிறுவர் கதை என எதைப் புரட்டினாலும் இப்போது பக்க ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பலவற்றில் யூடியூப் முகவரியை அப்படியே போட்டுவிடுகிறீர்கள். காணொலியில் ஒரு பிழையைத் திருத்தி மறுபடி ஏற்றினால் யூடியூப் புது முகவரிதான் தரும். கிடங்கில் அடுக்கியிருக்கும் பிரதிகளை என்ன செய்வீர்கள், ஸ்டிக்கர் ஒட்டுவீர்களா?

கோட்டுக்குள் உங்கள் பதிப்பகத்தின் சொந்த டொமைனில் (இணையதளப் பெயரில்) ஒரு சின்ன முகவரியை மட்டும் வையுங்கள். அங்கிருந்து வாசகரை எங்கே அனுப்புவது என்பதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரி சின்னதானால் கோட்டின் கட்டங்களும் பெரிதாகும். சுமாரான தாளிலும் ஸ்கேன் ஆகும். வாசகரை அப்படித் திருப்பி அனுப்புவதற்கு 301 என்ற குறியீடு வேண்டாம், தற்காலிக மாற்றத்துக்கான 302 போடும்படி உங்கள் இணையப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். 301 என்றால் நிரந்தர மாற்றம். உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

நீண்ட முகவரியைச் சின்னதாக்கித் தரும் இலவச முகவரிச் சுருக்கியை நம்பாதீர்கள். கூகுளே நடத்திய சுருக்கியின் பழைய இணைப்புகள் 2025 ஆகஸ்ட் 25 முதல் இயங்காது என்று 2024-ல் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் இறங்கி வந்து, 2024 இறுதியில் புழக்கமில்லாமல் கிடந்தவற்றை மட்டும் நிறுத்துவதாகச் சொன்னார்கள். நம் புத்தகங்கள் பெரும்பாலும் அந்த ரகம்தானே! மாதச் சந்தா கட்டும் டைனமிக் கியூஆரிலும் (போய்ச் சேரும் இடத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளும் வகை) சந்தா நின்றால் கோடு படுத்துவிட வாய்ப்புண்டு.

சொந்த டொமைனையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2015-ல் ஹெய்ன்ஸ் கெட்சப் பாட்டிலை ஸ்கேன் செய்தவர் ஆபாசத் தளத்தில் போய் நின்றார். விளம்பரப் போட்டி முடிந்ததும் டொமைனைக் கைவிட்டிருந்தார்கள், வேறு யாரோ அதை வாங்கிவிட்டார்கள். சிறுவர் நூலில் இப்படி நடந்தால்? அப்புறம், லேஅவுட் செய்யும் தம்பியின் ஜிமெயிலில் டொமைனைப் பதிவு செய்யாதீர்கள். அவர் வேலை மாறிப் போவார்.

பள்ளிப் பாடநூல்களில் வரும் தீக்ஷா (அரசின் இணையக் கல்வித் தளம்) கோடுகளைப் பாருங்கள். கீழே ஆறு எழுத்துக் குறியீடு இருக்கும். கேமரா சரியில்லாவிட்டால் அதைத் தட்டச்சு செய்யலாம். அதனுடன் எந்தப் பாடத்தை இணைப்பது என்பதைத் தளத்தில்தான் முடிவு செய்கிறார்கள். நீங்களும் கோட்டுக்குக் கீழே முகவரியை எழுத்தில் அச்சிடுங்கள்.

அடுத்த புத்தகக் காட்சிக்கு அச்சுக்குப் போகும் நூல்களிலிருந்து தொடங்கினால் போதும். பழைய நூல்களை மறுபதிப்பின்போது மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகர்