புள்ளிப் பட்டியலுக்கு ஓர் ஓரம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கால்பந்து அணியில் தடுப்பாட்டம் ஆடும் மாணவி ஒருத்தி, ஆசிரியர் அறையில் சேரும் பழைய நாளிதழ்களைக் கேட்டு வாங்கிப்போய், விளையாட்டுச் செய்திகளைக் கத்தரித்து ஒரு நீள நோட்டில் ஒட்டி வருகிறாள். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஐபிஎல் பாதி நோட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஆடவர் கால்பந்து பக்கம் பக்கமாக இருக்கிறது. இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் 2024-25 பருவத்துக்கு இரண்டே துண்டுகள். ஒன்று, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி கோப்பையோடு நிற்கும் படம். இன்னொன்று நான்கு வரிச் செய்தி. அதில் கோல் அடித்தவரின் பெயர்கூட இல்லை. அந்தப் பெயரை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, கீழே பேனாவால் அவளே எழுதி வைத்திருக்கிறாள்.

"டீச்சர், மதுரை சேது அணி இப்போது எத்தனாவது இடம்?" என்று அந்தப் பருவம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் என்னிடம் கேட்டாள். பயிற்சி நடத்துகிற எனக்கே பதில் தெரியவில்லை. அன்றைய நாளிதழ் மேசைமேல்தான் இருந்தது. அதிலும் இல்லை.

2016-17இல் இந்த லீக் தொடங்கியபோது நிலைமை வேறு. புது தில்லி, ஷில்லாங், லூதியானா என்று ஏதாவது ஒரு நகரத்தில் அணிகளைக் கூட்டி, சில வாரங்களுக்குள் இறுதிச் சுற்றை முடித்துவிடுவார்கள். 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது அணி மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று இந்தியாவின் சாம்பியன் ஆனதை என் சக ஆசிரியர்களில் பாதிப் பேர் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

2023-24 முதல் ஒவ்வோர் அணியும் சொந்த மைதானத்திலும் எதிரணியின் மைதானத்திலும் ஆடுகிற முறை வந்தது. அடுத்த பருவத்தில் எட்டு அணிகள், அணிக்கு 14 ஆட்டங்கள், மொத்தம் 56. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் இப்படிப்பட்ட போட்டிக்கு உயிரே புள்ளிப் பட்டியல்தான். யார் மேலே ஏறினார்கள், யார் கடைசி இரண்டு இடங்களில் தவிக்கிறார்கள், அடுத்த ஆட்டம் யாரோடு என்று வாராவாரம் தெரிந்தால்தான் ஒரு ஊர் ஓர் அணியைத் தன்னுடையது என்று நினைக்கும். எப்போது, எங்கே ஆட்டம் என்றே தெரியாத மக்களைப் பார்த்து, "பெண்கள் கால்பந்துக்குக் கூட்டம் வருவதில்லை" என்று சொல்வது என்ன நியாயம்?

2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியா அங்கே போவது அதுதான் முதல் முறை. அந்த வெற்றியைக் கொண்டாடியவர்கள், அந்த வீராங்கனைகள் எந்த ஆட்டங்களில் தேறி வந்தார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். கோகுலம் கேரளா அணிக்காக இந்த லீக்கில் ஆடிய மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸ் கழகம் ஒன்றுக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். எங்கள் மாவட்டத்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்தியச் சீருடை அணிந்தவர்கள். இங்கே பந்தைத் தொடுகிற ஒவ்வொரு சிறுமிக்கும் அந்த இரண்டு பெயர்களும் தெரியும். நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல அவை. அக்காமார் சொல்லிச் சொல்லித் தெரிந்தவை.

நான் கேட்பது பெரிய இடம் அல்ல. பருவம் நடக்கும் மாதங்களில் திங்கள்தோறும் புள்ளிப் பட்டியல். ஆட்டத்துக்கு முந்தைய நாள் அணிகள், மைதானம், நேரம் என்று ஒரு வரி. கோல் அடித்தவரின் பெயரும் நிமிடமும். ராசிபலனுக்கு நீங்கள் தரும் இடத்தில் கால்வாசி போதும்.

அடுத்த பருவத்தின் முதல் பட்டியல் எந்தத் திங்களன்று உங்கள் நாளிதழில் வருகிறதோ, அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். வாசிக்கப்போவது அந்த நோட்டுக்காரிதான்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை,
கடலூர் மாவட்டம்