அமெரிக்காவில், நார்ஃபோக்கில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சில வாரமாக உன் போன் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். மாடி விஷயத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார், அதை அப்புறம் எழுதுகிறேன்.

அத்தை மகள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். அமெரிக்கக் கடற்படையின் வெள்ளை உடுப்பு உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா இன்னும் பார்க்கவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் போன கதையைத்தான் படிக்கிறேன். நீ அங்கே இருப்பதால்தான், வேறென்ன. பாடப் புத்தகத்தில் அது ஒரே வரி: 1941 டிசம்பர் 7, பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது, அமெரிக்கா போரில் இறங்கியது. நடந்தது அப்படி இல்லை தம்பி.

முதல் உலகப் போரில் ஒரு லட்சத்துக்கு மேல் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. அந்தக் கசப்பில்தான் 1935இல் நடுநிலைச் சட்டம் வந்தது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் கூடாது. அடுத்த ஆண்டு, கடனும் கூடாது. நாடு தாக்கப்பட்டால் தவிர, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் போருக்குப் போகக் கூடாது என்று லட்லோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு திருத்தமே கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் அதை விவாதத்துக்கே எடுக்காமல் 209க்கு 188 என்று தள்ளிவிட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. 1939இல், ரொக்கம் கொடுத்து சொந்தக் கப்பலில் ஏற்றிப்போனால் ஆயுதம் விற்கலாம். 1940 செப்டம்பரில் பிரிட்டனுக்கு டெஸ்ட்ராயர் என்ற வேகப் போர்க்கப்பல்கள், பழையவை 50. அதே மாதம் கட்டாய ராணுவ சேவை, அமைதிக்காலத்தில் அங்கே அதுதான் முதல் தடவை. அக்டோபர் 30 அன்று பாஸ்டனில் அதிபர் ரூஸ்வெல்ட் தாய் தகப்பன்மாரிடமே சொன்னார், உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்று. திரும்பத் திரும்பச் சொல்வேன் என்றார். அடுத்த மார்ச்சில் லெண்ட்-லீஸ், அதாவது ரொக்கம் வாங்காமலே நேச நாடுகளுக்கு ஆயுதம் கொடுக்கும் சட்டம். ஜூலையில் ஐஸ்லாந்தில் அமெரிக்கப் படை. செப்டம்பரில், தங்கள் காவலில் உள்ள கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி தென்பட்டால் முந்திக்கொண்டு சுடலாம்.

அக்டோபர் 31 விடியற்காலையில், ஐஸ்லாந்துக்கு மேற்கே, சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன ரூபன் ஜேம்ஸ் என்ற டெஸ்ட்ராயரை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நூறு பேர் அளவில் செத்தார்கள். பேர்ல் துறைமுகத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. காகிதத்தில் அமெரிக்கா அன்றைக்கும் போரில் இல்லை.

ரூஸ்வெல்ட் போருக்குப் போனது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஹிட்லரை யாராவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் நியாயம் இருந்தது. ஆனால் பெற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கே அனுப்புகிறோம், என்ன ஆபத்து என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. கையெழுத்துப் போடும் காகிதத்தை முழுதாகப் படி. 1940இல் சேர்த்த பிள்ளைகளிடம் ஒரு வருஷம்தான் என்றார்கள். 1941 ஆகஸ்டில் அதை நீட்டினார்கள். கீழவையில் 203க்கு 202, ஒரே ஓட்டு வித்தியாசம். எத்தனை வருஷம் என்று போட்டிருக்கிறது, நீட்டலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா, பார். பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

தாத்தா இருந்திருந்தால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். நேராக நிற்கிறாய், இளைத்திருக்கிறாய். ஆனால் பெற்ற தகப்பன் இதை இன்னொருத்தி போனில் பார்த்தா தெரிந்துகொள்வது?

எந்தக் கப்பல், எப்போது கிளம்பும் என்று சொல். சொல்ல அனுமதி இல்லையென்றால் அதையாவது சொல், நான் மேலே கேட்கமாட்டேன். அம்மாவிடம் மட்டும் நீயே சொல்ல வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் நாங்கள் விழித்துத்தான் இருப்போம், உனக்கு அது காலை நேரம். இந்த ஞாயிறே போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா