மோல்மீன் நண்பனுக்கு: கேமராப் பை பற்றி

ரங்கூன்
மே மாத முதல் வாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீ படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. சிங்கப்பூரிலிருந்து உன் மகள் அனுப்பிய ஃபியூஜி எக்ஸ்-டி30 கேமராவும் இரண்டு லென்ஸ்களும் ஒரு துண்டில் சுற்றியபடி அலமாரியில் இருக்கின்றன என்றும், அவற்றுக்கு எந்தப் பை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் இந்தப் பாரத்தைச் சுமந்து திரிந்தவன் நான். மழை தொடங்குவதற்குள் உனக்குப் பதில் வந்துவிட வேண்டும் என்பதால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடையில் பையை எடுத்துக் காட்டுகிறவர் முதலில் சொல்வது, மழை உள்ளே புகாது என்பதுதான். நானும் அதை நம்பித்தான் பல ஆண்டுகள் பை வாங்கினேன். ரங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உங்கள் மோல்மீனிலோ 4,500 மில்லிமீட்டருக்கும் அதிகம். இப்படிப்பட்ட ஊரில் ஈரம் பைக்குள் நுழைவது துணியின் வழியாக அல்ல, நம் கையின் வழியாகத்தான். நனைந்த கையோடு பையைத் திறக்கிறோம், தூறல் பட்ட கேமராவை அவசரமாக உள்ளே வைத்து மூடுகிறோம், வீட்டுக்கு வந்ததும் களைப்பில் பையை அப்படியே மூலையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். நீரை வெளியே நிறுத்தும் அதே பூச்சு, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் அறுபது, எழுபது விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகையால் நம் ஊருக்குப் பை தேடுகிறவன் அது எவ்வளவு நேரம் நனையாமல் இருக்கும் என்று பார்ப்பதோடு, நனைந்தபின் எவ்வளவு விரைவில் உலரும் என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும்.

இதை நான் ஒரு லென்ஸை இழந்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ் இருந்தது. அதற்கென்றே தைத்த, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய தோல் உறை ஒன்றும் கூடவே வந்தது. அவ்வளவு அழகான உறைக்குள் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்று எண்ணி, ஜூன் மாதத்தில் அலமாரியில் வைத்தவன் அக்டோபர் கடைசியில்தான் எடுத்தேன். உறையைத் திறந்ததும் புழுங்கிய தோலின் வாடை வந்தது. லென்ஸைச் சாளரத்தின் பக்கம் உயர்த்திச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெண்ணிழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். இழைகள் போயின, அவை கண்ணாடியின் பூச்சை அரித்த தடம் போகவில்லை. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள். கழுத்தில் மாட்டும் வாருக்கு அது நல்லது; மழைக்காலம் முழுவதும் லென்ஸ் உறங்கும் அறையாக அதை வைத்துக்கொள்ளாதே.

நைலான் பைகளிலும் ஒரு குறை உண்டு, அது ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே தெரியவரும். துணியின் உட்புறத்தில் நீர் புகாதிருக்கப் பூசும் பாலியூரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் காற்றில் மெல்லச் சிதைந்து பிசுபிசுவென்று ஆகி, பிறகு செதில் செதிலாக உதிரும். என்னுடைய ஒரு பையில் அந்தப் பிசுக்கு லென்ஸ் மூடிகளில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு துடைத்தும் வரவில்லை. பையின் சீட்டில் 1000 டெனியர் என்று எழுதியிருந்தால், அந்த நூலில் 9,000 மீட்டர் ஒரு கிலோ எடை என்று பொருள். எண் கூடக் கூட நூல் தடிமனாகும், உராய்வைத் தாங்கும். பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

பருத்திக் கேன்வாஸ் பைகளை நான் விரும்புவது இதனால்தான். 1970களில் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்த ஜிம் டொம்கி என்ற புகைப்படக்காரர், கடையில் கிடைத்த பெட்டி போன்ற பைகள் ஒத்துவராமல், உடம்போடு ஒட்டிக்கொள்ளும் மெத்தென்ற கேன்வாஸ் பையைத் தாமே வடிவமைத்தார்; இன்றும் அந்தப் பெயரில் அவை விற்கின்றன. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் 1973இல் தொடங்கியபோது மீன் பிடிப்பவர்களுக்கான பைகளைத்தான் தைத்தது. கேமராக்காரர்கள் அவற்றை வாங்குவது பிறகே தெரியவந்தது. இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் படலம் வைத்து ஒட்டிய துணியில் தைப்பது அவர்கள் முறை. அடைமழையிலும் உள்ளே சொட்டு இறங்காது, ஆனால் உள்ளே போன ஈரம் வெளியேறவும் அவ்வளவு நேரமாகும். இரண்டில் ஒன்று இரவலாகக் கிடைத்தாலும் எனக்கு டொம்கி வகைதான் வேண்டும்.

உன் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கேமரா 383 கிராம், 18-55 லென்ஸ் 310 கிராம், 55-200 லென்ஸ் 580 கிராம். எல்லாம் சேர்ந்து 1,273 கிராம்தான். நான் கல்யாணத்துக்குத் தூக்கும் கேனன் 5டி மார்க் 4 கேமரா, 24-70, 70-200 லென்ஸ்கள் ஆகிய மூன்றும் மட்டுமே மூன்று கிலோவைத் தாண்டும். பெரிய முதுகுப் பைகள் சில வெறுமையாக இருக்கும்போதே இரண்டு கிலோ இருக்கின்றன. உன் சுமையைவிடப் பையின் சுமை அதிகமாகிவிடும். தவிர, முதுகில் மாட்டிய பையிலிருந்து கேமராவை எடுக்க அதைக் கழற்றி இறக்கித் தரையில் வைக்க வேண்டும்; சேறும் தண்ணீருமாகக் கிடக்கும் தெருவில் எங்கே வைப்பாய்? உனக்கு ஏற்றது தோளில் குறுக்காகப் போடும் சிறிய பை, அதிலும் மூன்றே அறைகள் உள்ளது. காலியிடம் இருந்தால் நாம் எதையாவது வாங்கி அதில் நிரப்பிவிடுவோம்.

நம் பர்மா நாட்டு ஷான் தோள்பையை நீ நினைத்துப் பார்த்தாயா என்று தெரியவில்லை. ஆசிரியராக இருந்த காலமெல்லாம் புத்தகமும் விடைத்தாளும் சுமந்த அந்தப் பை இப்போதும் உன் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிப் பார்: தோள்பட்டையும் பையின் இரு பக்கங்களும் அடியும் ஒரே நீள நெசவுத் துண்டாக ஓடும். பட்டையைப் பையோடு சேர்க்கும் கொக்கியே கிடையாது. ஆகையால் கொக்கி உடைந்து பை விழும் பயமும் இல்லை. அகலப் பட்டை தோளை அறுக்காது, பருத்தி அரை நாள் வெயிலில் உலர்ந்துவிடும், உள்ளே கேமரா இருப்பதாக யாருக்கும் தோன்றாது. மேல்மூடி இல்லாததும் உள்ளே மெத்தை இல்லாததுமே அதன் குறைகள். நீரை உறிஞ்சாத ஃபோமில் துணி போர்த்து, மூடியோடு ஒரு பெட்டிபோல் தைத்து உள்ளே இறக்கிவிட்டால் இரண்டும் தீரும். நான் அப்படித்தான் ஒன்று வைத்திருக்கிறேன். சாதாரண மெத்தைப் பஞ்சு வேண்டாம், ஒரு முறை நனைந்தால் அது வாரக்கணக்கில் ஈரத்தை விடாது.

எந்தப் பையானாலும் வாங்குமுன் கடையிலேயே அதில் கனமான எதையாவது போட்டு, தோளில் மாட்டி, செருப்பைக் கழற்றுகிறவனைப்போல் குனிந்து பார். கோயிலானாலும் ஷ்வேடகோன் பகோடாவானாலும் வாசலில் நாம் முதலில் செய்வது அதுதான். அப்போது முன்னால் சரிந்து வந்து முழங்காலில் மோதும் பை, ஈரச் சலவைக்கல்லில் வெறுங்காலோடு நடக்கும்போது உன்னைத் தடுமாற வைக்கும். மூடியில் வெல்க்ரோ இருந்தால் மெல்ல இழுத்து அதன் சத்தத்தையும் கேட்டுப் பார். கெட்டிமேளத்தில் அது யாருக்கும் கேட்காது. குருக்கள் சங்கல்பம் சொல்லும் அமைதியில் 'பர்ர்' என்று பையைத் திறந்தால் மணவறையே திரும்பிப் பார்க்கும். ஜிப்புக்கு வேறொரு தொல்லை: விபூதியும் சாம்பிராணித் தூளும் அதன் பற்களில் படிந்து இறுகும். திருவிழா முடிந்த மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷால் ஜிப்பைத் தேய்த்துவிடுவது என் வழக்கம்.

வாருக்கு வருகிறேன். மோல்மீன் ரயில் நிலையத்தில் என் கேமரா விழுந்தது உனக்கு நினைவிருக்கும். என்னை அழைத்துப்போக வந்து நீயே பக்கத்தில் நின்றாய். அன்று நான் போட்டிருந்தது, கேமராவின் அடியில் முக்காலிக்கென்று உள்ள கால் அங்குலத் துளையில் ஒரே திருகால் மாட்டும் குறுக்கு வார். கேமரா இடுப்பருகில் தலைகீழாகத் தொங்கும், கழுத்துக்குச் சுமை இல்லை, எடுப்பதும் எளிது. ஆனால் நம் ரயில் எப்படித் தூக்கித் தூக்கிப் போடும் என்று உனக்குத் தெரியும். அத்தனை மணி நேரக் குலுக்கலில் திருகு இழை இழையாகத் தளர்ந்திருக்கிறது. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இறங்கி நாலு அடி வைத்தபோது வார் மட்டும் தோளில் இருந்தது. லென்ஸின் முன்வளையம் நசுங்கியதோடு போயிற்று என்று நீ ஆறுதல் சொன்னாய், நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வகை வாரைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் போடுகிறவர், கேமராவின் பக்கத்தில் வார் கோக்க உள்ள காதிலிருந்து ஒரு துணைக் கயிறும் கட்டிக்கொண்டு, மணிக்கொரு தடவை திருகை விரலால் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

உன் கேமராவுக்குப் பக்கக் காதுகளில் கோக்கும் சாதாரணப் பருத்தி வாரே போதும். நியோப்ரீன் என்னும் ரப்பர் வகை வார் இழுபடுவதால் கனம் குறைந்ததுபோல் தோன்றும், ஆனால் நடக்கும்போது கேமரா துள்ளும், கழுத்தும் வியர்க்கும். கோக்கும் முறையைக் கவனி: வாரின் நுனியைக் காது வளையத்தில் நுழைத்துத் திருப்பிச் சிறு பட்டைக்குள் விட்டு, பிறகு பக்கிளில் ஏற்றும்போது நுனி வெளியே தொங்காமல், இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே உட்புறமாகப் போகும்படி செய். நான்கு விரல் அகலமாவது நுனி மிஞ்சியிருக்கட்டும். இப்படிக் கோத்தால் இழுக்க இழுக்க இறுகுமே தவிர நழுவாது. பீக் டிசைன் நிறுவனம் செய்யும் கழற்றி மாட்டும் குமிழ்களும் நல்லவை. 90 கிலோ வரை தாங்கும் என்கிறார்கள், குமிழோடு வரும் சிறு கயிற்றின் மேலிழை தேய்ந்தால் உள்ளிருந்து வேறு நிறம் தலைகாட்டி மாற்றச் சொல்லும். அந்த நிறத்தைப் பார்த்த பிறகும் ஒரு நாள் தள்ளிப் போடாதே.

கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியை நான் ஆண்டுக்கு ஒரு தடவைதான் எடுக்கிறேன். நம் புத்தாண்டு ஏப்ரல் 14 அன்று வருகிறது. திஞ்ஜான் தண்ணீர்த் திருநாளும் அதே நாட்களில்தான். விடியற்காலையில் கோயில் பூசைக்குப் படமெடுக்கப் போய்விடலாம், திரும்பி வருகையில் தெருவெல்லாம் குழாயும் வாளியுமாக நிற்பார்கள். அப்போது மூடி விளிம்பில் ரப்பர் வளையம் பதித்த பெலிக்கன் வகைப் பெட்டி ஒன்றே துணை. உனக்கு அது வேண்டாம். படகுக்காரர்கள் வைத்திருக்கும் வாயைச் சுருட்டிப் பூட்டும் பை ஒன்றை மடித்துத் தோள்பைக்குள் போட்டுக்கொள். உன் கேமராவுக்கும் அந்த லென்ஸ்களுக்கும் மழைத் தடுப்பு கிடையாது என்பதால் தூறலிலேயே அது உதவும்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி செய்து, வாயைத் திறந்து மின்விசிறிக்கு அடியில் வைத்துவிடு. கேமராவையும் லென்ஸ்களையும் துடைத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை. மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி நல்லதுதான், ஆனால் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாதபோது அது வெறும் அலமாரி. ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லாக வாங்கு. ஈரம் நிரம்பியதும் பச்சையாகும், மெல்லிய தீயில் உலர வறுத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். அதற்கென்று தனிச் சட்டி வைத்துக்கொள், சமையலுக்கு அதைத் தொடக்கூடாது. சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் டப்பாவுக்குள் போட்டு, முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள். அந்தத் துண்டிலிருந்து கேமராவை இன்றே எடுத்துவிடு.

என் தையற்காரரிடம் உன் ஷான் பைக்கு உள்பெட்டி ஒன்று சொல்லப்போகிறேன். 18-55 லென்ஸ் மாட்டிய நிலையில் கேமராவின் நீளம், அகலம், உயரம், 55-200 லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல்மூடியைத் திருப்பிப் போட்டபின் அதன் நீளம், உன் பையின் அடியகலம் ஆகியவற்றை அங்குலத்தில் அளந்து உடனே எழுது. அடுத்த மாதம் என் அக்காள் மகன் உங்கள் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ரங்கூன் நண்பன்