பேய்ச்சுரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். "பாட்டி, பேய்மழைன்னா பேய் பெய்யுற மழையா?" என்று நேற்று போனில் பேத்தி கேட்டாள். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

பேய்மழை, பேய்க்காற்று என்றால் அடங்காதது, அளவு மீறியது. காட்டில் தானாய் முளைத்துக் கசக்கிற கொடிகளுக்கும் அதே அடைமொழிதான்: பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை. போன வாரம் கொல்லையில் தானாய்ப் படர்ந்த சுரைக்கொடியில் ஒரு காய் பறித்தேன். இளம்பச்சையில் அவ்வளவு அழகு. தோல் சீவி ஒரு துணுக்கை நாக்கில் வைத்ததுமே கடுங்கசப்பு. துப்பி, வாய் கொப்பளித்து, காயைக் குழியில் போட்டு மூடினேன். அந்தக் கசப்பு விஷம்; வேகவைத்தாலும் போகாது. நீயும் சுரைக்காய் வாங்கினால் ஒரு துணுக்கு ருசி பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதே. பிள்ளைகள் தெரியாமல் தின்றுவிடக் கூடாதே என்றுதான் அந்தக் காலத்தில் 'பேய்' என்று பேர் வைத்தார்களோ என்று தோன்றுகிறது.

தொல்காப்பிய உரியியலில் 'பே, நாம், உரும்' மூன்றுக்கும் அச்சம் என்றே பொருள் சொல்லியிருக்கிறது. அந்தப் 'பே'யிலிருந்துதான் பேய் வந்தது என்பார்கள். அப்படிப் பார்த்தால் பேய்மழை, பயப்பட வைக்கிற மழை. அதில் பேய் ஒன்றும் இல்லை என்று குட்டியிடம் சொல்.

இன்னொன்று உனக்கு மட்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம், தலையை விரித்துப் போட்டுப் படித்துக்கொண்டிருந்த உன்னை, "பேய் மாதிரி உட்காராதடி" என்று பக்கத்து வீட்டார் முன்னால் கத்தினேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. வெகுநாள் கழித்துத்தான் காரைக்கால் அம்மையார் பதிகம் படித்தேன். அழகை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் தன் பெயரையே 'காரைக்காற் பேய்' என்று வைத்துப் பாடுகிறார். அந்த வரியில் உன் அன்றைய முகம் வந்து நின்றது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, கண்ணு. மன்னித்துக்கொள்.

கொடியைப் பிடுங்கவில்லை. இரண்டு காய்களை முற்ற விட்டிருக்கிறேன். காய்ந்ததும் குடுக்கையாக்கி வைக்கிறேன். லீவுக்கு வந்தால் குட்டியின் முதுகில் கட்டி, கிணற்றில் நீச்சல் பழக்கலாம்.

அன்புடன்,
அம்மா